களிமண்ணில் ஒரு கணக்கு நோட்டு: சுமேரியர் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த இதழின் கேள்விகள் எல்லாம் ஒரே இடத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. அந்த இடம் யூப்ரடீஸ், டைக்ரிஸ் ஆறுகள் கடலை நெருங்கும் தெற்கு ஈராக், அதாவது பழைய சுமேர். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கே: 'உலகின் முதல் நாகரிகம் சுமேரியருடையது' என்று பள்ளியில் படித்தோம். அதைவிடப் பல ஆயிரம் ஆண்டு பழைய இடங்கள் இப்போது கிடைத்துவிட்டனவே. இன்னும் அப்படிச் சொல்லலாமா?

ப: எதில் முதல் என்பதையும் சேர்த்துச் சொன்னால் சொல்லலாம். துருக்கியின் கோபெக்லி தெப்பேயில் உள்ள கல்தூண்கள் கி.மு. 9500 வாக்கில் நடப்பட்டவை. அவற்றை நட்டவர்கள் வேட்டையாடியும் காட்டுத் தானியம் சேகரித்தும் வாழ்ந்தவர்கள். அதே நாட்டின் சாத்தல்ஹூயூக்கில் கி.மு. 7000 வாக்கில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். ஆனால் அங்கே தெருவும் இல்லை, அரண்மனையும் இல்லை. பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டுமானால் கூரைமேல் ஏறித்தான் போக வேண்டும்.

சுமேரில் நடந்தது வேறு மாதிரி. எரிதுவில் கி.மு. 5400 வாக்கில் ஒற்றை அறைக் கோயில் ஒன்று எழுந்தது. அது சிதைந்ததும் அதன் மேலேயே அடுத்தது, பிறகு அதன் மேலே இன்னொன்று. 1940களின் கடைசியில் அகழ்ந்தபோது பதினைந்துக்கும் மேற்பட்ட அடுக்குகள் வெளிவந்தன. ஒவ்வொன்றும் பெரும்பாலும் கீழே இருந்ததைவிடப் பெரியது. அடுத்து உருக் நகரம். கி.மு. 2900 வாக்கில் அதன் மதில் 9 கிலோமீட்டருக்கு மேல் சுற்றி வந்தது. உள்ளே 40,000 பேராவது இருந்திருப்பார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. முகம் தெரியாத இத்தனை பேர் ஓரிடத்தில் வாழ்ந்தார்கள், அவர்களில் பலருக்கு வேறு யாரோ தானியம் அளந்தார்கள், அளந்ததை இன்னொருவர் எழுதி வைத்தார். இந்த மூன்றும் சேர்ந்து முதலில் தென்பட்டது இங்கேதான். எகிப்து ஒரு மூச்சு பின்னால் வருகிறது.

கே: மழையே இல்லாத வறண்ட நிலத்தில் போய் ஏன் இதெல்லாம் நடந்தது?

ப: தெற்கு ஈராக்கில் ஆண்டு மழை ஏறத்தாழ 150 மில்லிமீட்டர்தான். மானாவாரிப் பயிருக்குக் குறைந்தது 200 மில்லிமீட்டர் வேண்டும். ஆக, ஆற்று நீர் இல்லாமல் ஒரு கதிரும் கிடையாது. ஆற்றிலோ வசதியும் ஆபத்தும் ஒன்றாகவே வந்தன. இரண்டு ஆறுகளும் வண்டலைக் கொண்டுவந்து தம் கரையிலேயே குவித்துக் குவித்து, கடைசியில் சுற்று நிலத்தைவிட உயரமான மேட்டின் மேல் ஓடத் தொடங்கின. கரையில் ஒரு வாய் வெட்டினால் போதும், ஏற்றம் எதுவும் இல்லாமலே தண்ணீர் வயலுக்கு இறங்கிவிடும். அதே கரை வெள்ளத்தில் தானாக உடைந்தால் வயலோடு வீடும் போய்விடும்.

வெள்ளம் வரும் காலமும் கோளாறானது. பார்லியை விதைப்பது அக்டோபர், நவம்பரில். அப்போது ஆற்றில் தண்ணீர் குறைவு. அறுப்பது ஏப்ரல், மே மாதங்களில்; வடக்கு மலைகளின் பனி உருகி வெள்ளம் வருவதும் அப்போதுதான். எகிப்தில் நைல் விதைப்புக்கு முன்னால் வந்து நிலத்தை நனைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இங்கே ஆறு விளைந்த கதிர்மேல் ஏறி வரும். வாய்க்கால் தூர்வாரவும் கரை கட்டவும் பலர் சேர வேண்டியிருந்தது இதனால்தான். அதற்காக 'பெரிய பாசனத்துக்கென்றே அரசு பிறந்தது' என்ற பழைய விளக்கத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தொடக்க கால வாய்க்கால்கள் சிறியவை, ஊர்க்காரர்களே பார்த்துக்கொண்டவை. மன்னர்கள் வெட்டிய பெருங்கால்வாய்கள் பிந்திய கதை.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அங்கே கல் கிடையாது, நல்ல மரம் கிடையாது, உலோகம் கிடையாது. மண்ணும் நாணலும் நிலக்கீலும் மட்டும் தாராளம். அறுவடை அரிவாளைக்கூடச் சுட்ட களிமண்ணில் செய்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். செம்பும் நீலக்கல்லும் வேண்டுமென்றால் தானியத்தையும் கம்பளித் துணியையும் ஏற்றி அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் கணக்கு வேண்டும்.

கே: எழுத்தைக் கண்டுபிடித்தவர் கவிஞரா, பூசாரியா, வணிகரா?

ப: கணக்குப்பிள்ளை. உருக்கில் கிடைத்த மிகப் பழைய எழுத்துப் பலகைகள், உடைசல்களையும் சேர்த்து, சுமார் 5,000. கி.மு. 3300-க்கும் 3000-க்கும் இடைப்பட்டவை. அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வரவும் செலவும். மீதியில் பெரும்பாலானவை எழுதப் பழகுபவர்களுக்கான சொற்பட்டியல்கள்: பதவிப் பெயர்கள், மரங்கள், பாத்திரங்கள், மீன்கள். கதையில்லை, பாட்டில்லை, மன்னன் புகழும் இல்லை. அவையெல்லாம் வருவதற்கு இன்னும் ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

எழுத்துக்கு முன்னால், இந்த மேற்காசிய வட்டாரத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாகச் சின்னச் சின்னக் களிமண் வில்லைகள் இருந்தன: உருண்டை, கூம்பு, தட்டு. கடனோ சரக்கோ பேசி முடித்ததும் அந்த எண்ணிக்கைக்கு வில்லைகளை ஒரு பொள்ளல் மண் உருண்டைக்குள் போட்டு மூடி, மேலே முத்திரை உருட்டினார்கள். உள்ளே எத்தனை என்று பார்க்க உருண்டையை உடைக்க வேண்டும். உடைத்தால் முத்திரை போய்விடும். அதனால் மூடுவதற்கு முன் வில்லைகளை ஈர மண்ணின் மேல் அழுத்தி அடையாளம் வைத்தார்கள். வெளியிலேயே எண் தெரியும்போது உள்ளே வில்லை எதற்கு? உருண்டை தட்டையாகிப் பலகையானது. எண் குறிகள் இந்த வழியில் வந்தன என்பதில் பெரிய சண்டை இல்லை. மற்றப் படக்குறிகளும் வில்லைகளிலிருந்தே வந்தன என்று தொல்லியலாளர் டெனிஸ் ஷ்மாண்ட் பெசராட் சொன்னதை மட்டும் பலர் ஒப்புக்கொள்வதில்லை.

படம் ஒலியாக மாறியதும் கணக்கின் நெருக்கடியால்தான். ஆட்டை வரையலாம், குடத்தை வரையலாம். ஆளின் பெயரை எப்படி வரைவது? சுமேரிய மொழியில் அம்புக்கு 'தி' என்று பெயர்; உயிருக்கும் 'தி'. அம்பை வரைந்து உயிர் என்று வாசித்தால் வழி திறந்துவிடுகிறது. தலைக்குப் பக்கத்தில் ஒரு கிண்ணம் வரைந்தால் 'உண்' என்ற வினை. அந்தக் கிண்ணம் கற்பனை அல்ல. அச்சில் அழுத்தி லட்சக்கணக்கில் செய்த, விளிம்பு சாய்ந்த முரட்டுக் கிண்ணங்கள் உருக் காலத்து மேடுகளில் எங்கு தோண்டினாலும் கிடைக்கின்றன. அன்றன்றைய படி அளக்கப் பயன்பட்டவை என்பது பலர் கருத்து.

பெயர் என்றதும் ஒன்று. 37 மாதங்களுக்கான 29,086 அளவு பார்லி என்று ஒரு பலகை கணக்குச் சொல்லி, பக்கத்தில் 'குஷிம்' என்று முடிக்கிறது. அது ஆளின் பெயராகவும் இருக்கலாம், பதவியாகவும் இருக்கலாம். ஆள்தான் என்றால், வரலாற்றில் நமக்குப் பெயர் தெரிந்த முதல் மனிதர்களுள் ஒருவர் ஒரு கிடங்குப் பொறுப்பாளர்!

கே: 60 நிமிடம், 60 விநாடி, 360 பாகை. இந்த அறுபது எங்கிருந்து வந்தது?

ப: சுமேரியரிடமிருந்துதான், நேரடியாக அல்ல. அவர்களிடமிருந்து பாபிலோன் வானியலாருக்கும், அங்கிருந்து கிரேக்கருக்கும் போய், பிறகு உலகத்துக்கு வந்தது. நாளை 24 ஆகப் பிரித்தது எகிப்தியர் கைங்கரியம்.

சுமேரிய எண்ணிக்கை சுத்தமான அறுபது அல்ல. பத்தும் ஆறும் மாறி மாறி வரும்: 1, 10, 60, 600, 3600. ஒவ்வொரு படிக்கும் தனிக்குறி. 60-ஐ 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுக்கலாம். பங்கு போடுவதே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இதைவிட வசதி ஏது? விரல் கணுக்களை எண்ணிப் பன்னிரண்டை ஐந்தால் பெருக்கினார்கள் என்று பரவலாகச் சொல்வதற்குப் பலகைகளில் சான்று இல்லை.

ஆரம்ப காலத்தில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எண்ணவும் இல்லை. ஆடுகளுக்கு ஒரு வரிசை, படி அளக்கும் பண்டங்களுக்கு 120-ஐ நடுவில் வைத்த இன்னொரு வரிசை, பார்லிக்கு வேறு, நிலப் பரப்புக்கு வேறு. ஒரே குறி பார்லிக் கணக்கில் ஒரு மதிப்பும் ஆட்டுக் கணக்கில் வேறு மதிப்பும் காட்டும். பழைய பலகைகளின் கூட்டுத்தொகை ஆய்வாளர்களுக்கு நெடுநாள் உதைத்ததற்குக் காரணம் இதுதான்.

சுமேரிய மன்னர் பட்டியலில் முதல் மன்னன் அலுலிம் 28,800 ஆண்டு ஆண்டான் என்று படித்துத் திகைத்த வாசகருக்கும் இதே பதில். 28,800 என்பது 8 முறை 3600. அடுத்தவன் 36,000, அதாவது 10 முறை 3600. வயதாகப் பார்த்தால் விடுகதை, கணக்காகப் பார்த்தால் முழு எண்கள்.

கே: ஒரு சாதாரணக் கூலியாளுக்கு என்ன கிடைத்தது?

ப: இதற்குத் துல்லியமாகப் பதில் சொல்ல முடிவது, 'ஊர்' என்ற சுமேரிய நகரத்தின் மூன்றாம் வம்சம் (கி.மு. 2112 - 2004) பல்லாயிரம் பலகைகளை விட்டுப் போனதால். முகத்தலளவை 'சிலா', ஏறத்தாழ 1 லிட்டர். ஆணுக்கு மாதம் 60 சிலா பார்லி, பெண்ணுக்கு 30, பிள்ளைகளுக்கு வயதைப் பொறுத்து 10 முதல் 25 வரை. இதோடு ஆண்டுக்கொரு முறை கம்பளி, அவ்வப்போது எண்ணெய். நிறுத்தலளவையில் 1 ஷெக்கல் சுமார் 8.3 கிராம், 60 ஷெக்கல் 1 மினா (அரை கிலோ), 60 மினா 1 தாலந்து (30 கிலோ). கணக்குக்கு வைத்த விலை 1 ஷெக்கல் வெள்ளிக்கு 300 சிலா பார்லி.

இப்போது நீங்களே வகுத்துப் பாருங்கள். ஆணின் ஐந்து மாதப் படி ஒரு ஷெக்கல். அதே ஒரு ஷெக்கல் பார்லியை ஒரு பெண் பத்து மாதத்தில் பெற்றாள். இத்தனைக்கும் நாட்டுக்கு வெள்ளியும் செம்பும் கொண்டுவந்த கம்பளித் துணியை நெய்தது, ஆயிரக்கணக்கில் நெசவுக்கூடங்களில் அமர்த்தப்பட்ட பெண்கள்தான்.

கே: உப்பு பூத்து நிலம் கெட்டதால்தான் சுமேர் அழிந்தது என்கிறார்கள். உண்மையா? உப்பு எப்படி ஏறுகிறது?

ப: எப்படி ஏறுகிறது என்பதை முதலில் பார்ப்போம். ஆற்று நீரில் கரைந்த உப்பு எப்போதும் கொஞ்சம் உண்டு. வயலில் பாய்ச்சிய நீரைப் பயிர் குடிக்கும், வெயில் குடிக்கும். உப்பை யாரும் குடிப்பதில்லை, மண்ணிலேயே தங்கிவிடும். இது மெல்ல நடப்பது. வேகமாக நடப்பது இன்னொரு வழியில். வடிகால் இல்லாமல் மேலே மேலே நீர் பாய்ச்சினால் நிலத்தடி நீர் உயரும். அது தரைமட்டத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் வரை வந்துவிட்டால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மண் துளைகள் வழியே தானே மேலேறும். மேலே வந்த நீர் ஆவியாகும், உப்பு வெள்ளையாகப் படியும். கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் சமவெளி அது. சரிவோ இல்லவே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு, அதனால் நீர் வடியவும் வழியில்லை.

அங்குள்ள உழவர் கண்ட மருந்து, ஓராண்டு விட்டு ஓராண்டு தரிசு போடுவது. தரிசில் முளைக்கும் ஆழவேர் முட்செடிகள் கீழே உள்ள ஈரத்தை உறிஞ்சி நீர்மட்டத்தை இறக்கும். மறு ஆண்டு பாய்ச்சும் நீர், வறண்ட மண்ணின் வழியாக உப்பைக் கீழே கழுவிக்கொண்டு போகும். இந்த முறை எங்கே உடையும் என்பது தெளிவு. வரியோ கடனோ நெருக்கி, தரிசு ஆண்டிலும் விதைத்தால் இரண்டு மூன்று போகம் நன்றாக இருக்கும், பிறகு மண் வெளுக்கும்.

அழிவுக்கு இதுவே காரணம் என்று 1958-இல் எழுதியவர்கள் தோர்கில்டு ஜேக்கப்சனும் ராபர்ட் ஆடம்சும். அவர்கள் காட்டிய எண்கள்: கி.மு. 3500 வாக்கில் கோதுமையும் பார்லியும் சரிபாதி, கி.மு. 2500-இல் கோதுமை ஆறில் ஒரு பங்கு, கி.மு. 1700-க்குள் தெற்கில் கோதுமையே இல்லை. பார்லி கோதுமையைவிட உவரைத் தாங்கும். விளைச்சல் ஹெக்டேருக்கு 2,537 லிட்டரிலிருந்து (கி.மு. 2400) 1,460 ஆகி (கி.மு. 2100), 897-இல் (கி.மு. 1700) முடிந்தது. லகாஷ் மன்னன் என்டெமேனா, எதிரி நகரமான உம்மாவோடு தண்ணீர்ச் சண்டை தீராமல் டைக்ரிஸிலிருந்து தனிக் கால்வாய் வெட்டிக்கொண்டான். அந்த அளவில்லாத தண்ணீரே நீர்மட்டத்தை ஏற்றியது என்பது அவர்கள் கதை.

கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பலகைகளில் உள்ள அளவைகளை வேறு விதமாகவும் வாசிக்கலாம், உவரைக் குறிப்பதாக எடுத்த சொற்களில் சில உவரையே குறிக்கவில்லை என்று பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாக மறுத்தார்கள். கோதுமை குறைந்ததற்கு, அரசு பார்லியைப் படியாகத் தரப் பழகியதும் காரணமாகலாம். நிலம் உவரானது உண்மை. அதனால் மட்டுமே அரசுகள் கவிழ்ந்தன என்பதுதான் நிற்கவில்லை. யூப்ரடீஸ் தன் தடத்தையே மாற்றிக்கொண்டு நகரங்களைக் கைவிட்டதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உழவு பற்றி இன்னொரு செய்தி. அவர்கள் விட்டுச்சென்ற உழவர் அறிவுரை ஒன்றில், ஏரோடு பொருத்திய குழாய் வழியாக விதை போடும் ஆளைக் கண்காணிக்கச் சொல்லியிருக்கிறது: விதை ஒரே சீராக இரண்டு விரல் ஆழத்தில் விழ வேண்டும். 6 மீட்டர் அகலத்துக்கு 8 சால். அதாவது சாலுக்குச் சால் 75 சென்டிமீட்டர். கையால் தூவுவதைவிட விதை எவ்வளவு மிச்சமாகும் என்பது உழுதவர்களுக்குப் புரியும்.

கே: பள்ளிக் கண்காட்சிக்கு மாணவர்கள் சுமேரியக் களிமண் பலகை செய்யப்போகிறார்கள். போன முறை செய்தவை எல்லாம் வெடித்துப்போயின. என்ன தவறு?

ப: வெயிலில் காய வைத்திருப்பீர்கள். மேற்புறம் முதலில் உலர்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். இழுபறியில் மேல்தோல் கிழியும். முதலிலிருந்து வருவோம்.

ஆற்று வண்டலோ குயவர் மண்ணோ எடுத்து, வாளி நீரில் கரைத்து, கல்லும் வேரும் போக வடிகட்டி, ஒருநாள் தெளிய விடுங்கள். மேல் நீரை இறுத்துவிட்டு, அடியில் உள்ள சேற்றைத் துணியில் கொட்டி உலர்த்தி, பிசையும் பதத்துக்கு வந்ததும் காற்றுக் குமிழி போகும்படி நன்றாக அடித்துப் பிசையுங்கள். பதம் பார்க்க, விரல் தடிமனுக்குத் திரித்து வளைத்துப் பாருங்கள். வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டினால் அதிகம். மண் ரொம்பவும் வழவழப்பாக இருந்தால் சுருக்கம் கூடும்; சலித்த நுண்மணல் கொஞ்சம் சேர்க்கலாம்.

பலகையைப் பெரிதாகச் செய்ய ஆசைப்படாதீர்கள். 6 சென்டிமீட்டர் நீளம், 4 அகலம், 2-க்கு மேற்படாத தடிமன். உள்ளங்கையில் அடங்க வேண்டும். கணக்குப் பலகைகளில் பல அந்த அளவுதான். முன்பக்கம் ஏறக்குறையத் தட்டை, பின்பக்கம் லேசாகப் புடைத்திருக்கட்டும். உண்மையான பலகைகளும் அப்படித்தான்.

எழுதுகோல் நாணல். கிடைக்காவிட்டால் சதுர முனையுள்ள மெல்லிய மரக்குச்சி. அதன் மூலையைச் சாய்வாக மண்ணில் அழுத்தி எடுக்க வேண்டும். மாணவர்கள் எல்லாரும் செய்யும் தவறு கோடு இழுப்பது. இழுத்தால் ஈர மண் இருபுறமும் பிசிறாக எழும்பும். முதல் நூற்றாண்டுகளின் படக்குறிகள் அப்படி இழுத்து வரைந்தவைதாம். அந்தத் தொல்லையால்தான் எழுத்து, அழுத்தி எடுக்கும் ஆப்பு வடிவத்துக்கு மாறியது. ஆப்பின் தடித்த தலை மேலே இருந்தால் நெடுங்குறி, இடப்பக்கம் இருந்தால் கிடைக்குறி, மூலையை மட்டும் அழுத்தினால் முக்கோணக் குறி. தலை வலப்பக்கமாகவோ கீழேயோ விழக்கூடாது.

எண்களில் தொடங்குங்கள். ஒரு நெடுங்குறி 1, ஒரு முக்கோணக் குறி 10. 73 எழுத, இடமிருந்து வலமாக: ஒரு நெடுங்குறி (60), சற்று இடைவெளி, ஒரு முக்கோணம் (10), மூன்று நெடுங்குறி (3). இந்த இடமதிப்பு முறை கி.மு. 2000-ஐ ஒட்டிய காலத்துக்குரியது. பூஜ்யம் இல்லாததால் ஒரே நெடுங்குறி 1 ஆகவும் 60 ஆகவும் 3600 ஆகவும் இருக்கும். இடைவெளி விடாமல் இரண்டு நெடுங்குறி போட்டால் 2. விட்டுப் போட்டால் 61. பழைய மாணவர் பலகைகளிலேயே இதில் சறுக்கியிருக்கிறார்கள், உங்கள் மாணவர்களைத் திட்டாதீர்கள்.

பின்பக்கம் எழுத, புத்தகத் தாள்போலப் பக்கவாட்டில் திருப்பாமல், கீழ் விளிம்பு மேலே வரும்படி புரட்ட வேண்டும். எழுதி முடிக்கும்வரை ஈரத்துணி பக்கத்தில் இருக்கட்டும். மேற்பரப்பு இறுகிவிட்டால் குறி பதியாது. முடிந்ததும் நிழலில், காற்று நேராகப் படாத இடத்தில், மரப்பலகை மேல் வைத்து நாளுக்கொரு முறை திருப்பிப் போட்டு நான்கைந்து நாள் காய விடுங்கள். அடுப்பில் சுடும் யோசனை வேண்டாம். உள்ளே மிச்சமுள்ள ஈரம் நீராவியாகிப் பலகை வெடிக்கும். சுமேரியரும் பெரும்பாலானவற்றைச் சுடவில்லை, வெறுமனே உலர்த்தினார்கள். தேவை தீர்ந்ததும் தண்ணீரில் போட்டால் மறுபடி மண். நகரம் எரிந்தபோது தாமாகச் சுடப்பட்டவை நமக்குப் பாக்கியமாக வாய்த்தன.

கே: 'ஊர்' என்று ஒரு சுமேரிய நகரமே இருக்கிறது. சுமேரியரின் மொழி தமிழுக்கு உறவுதானே?

ப: மிக அதிகமாக வந்த கேள்வி இது. இந்த வாதம் சாய்வது அந்த ஒரு சொல்லிலேயே. அந்த நகரத்தைச் சுமேரியர் அழைத்த பெயர் 'உரிம்'. 'ஊர்' என்பது விவிலியம் வழியாக நமக்கு வந்த வடிவம். சுமேரிய மொழியில் 'உர்' என்றால் நாய்! நகரத்துக்கு அவர்கள் சொன்னது 'இரி', பழைய வாசிப்பில் 'உரு'. இது நம் சொல்லை ஒத்திருக்கிறது என்பீர்கள். ஒரு சொல் ஒத்தால் தற்செயல்; உறவு என்றால் அன்றாடச் சொற்கள் ஒழுங்கான ஒலி மாற்றத்தோடு வரிசையாக ஒக்க வேண்டும். நீருக்கு 'அ', கைக்கு 'ஷு', கண்ணுக்கு 'இகி', வாய்க்கு 'க', தலைக்கு 'சக்', வீட்டுக்கு 'எ', இரண்டுக்கு 'மின்', மூன்றுக்கு 'எஷ்'. ஒத்துப் பாருங்கள்.

ஒட்டுநிலை மொழி என்ற பொதுத்தன்மை உண்டு. 'எ லுகல் அக் அ' என்று அடுக்கினால் வீடு, அரசன், உடைய, இல்: அரசன் வீட்டில். உருபுகள் பின்னால் சேர்வது நமக்குப் பழக்கமானது. ஆனால் அடைமொழி பெயருக்குப் பின்னால் வருகிறது: 'லு' மனிதன், 'கல்' பெரிய, 'லுகல்' அரசன். வினைச்சொல்லுக்கு முன்னால் முன்னொட்டுகள் சங்கிலியாகத் தொடரும். தமிழ் வினையில் எல்லாம் பின்னால். செயப்படுபொருள் குன்றா வினையின் எழுவாய்க்குத் தனி உருபும் உண்டு. ஒட்டுநிலை துருக்கியிலும் ஜப்பானிய மொழியிலும் கூட இருக்கிறது. சுமேரியத்துக்கு உறவான மொழி எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை.

தொடர்பு வேண்டுமென்றால் வணிகத்தில் தேடுங்கள், அங்கே உறுதியாகக் கிடைக்கும். மெலுஹா என்று அவர்கள் குறித்தது சிந்துவெளிப் பகுதி என்பதே பெரும்பாலான அறிஞர் முடிவு. மெலுஹா, மகன் (ஓமன்), தில்முன் (பஹ்ரைன்) கப்பல்களைத் தன் துறையில் வந்து நிற்க வைத்ததாக அக்காடு மன்னன் சர்கோன் பெருமையடித்துக்கொள்கிறான். ஊரின் கல்லறைகளில் சிந்துவெளி வேலைப்பாடான சூதுபவள மணிகள் கிடைத்தன. லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள ஓர் உருளை முத்திரையின் உரிமையாளர் ஷு இலிஷு. அவர் தொழில் 'மெலுஹா மொழிபெயர்ப்பாளர்'. மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது என்பதையும் கவனியுங்கள்.

கே: ஊரின் அரச கல்லறையில் பணிப்பெண்கள் தாமாக விஷம் குடித்துப் படுத்தார்களாமே?

ப: அகழ்ந்த லியோனார்டு வூலி அப்படி நினைத்தார். 'பெரும் சாக்குழி' என்று அவர் பெயரிட்ட குழியில் 74 பேர், அவர்களில் 68 பேர் பெண்கள், வரிசை கலையாமல் கிடந்தார்கள், பக்கத்தில் கிண்ணங்கள். பின்னாளில் பென்சில்வேனியா அருங்காட்சியகத்தில் இரண்டு மண்டையோடுகளைச் சி.டி. ஸ்கேன் செய்தபோது, கூர்முனைக் கருவியால் அடித்த ஓட்டைகள் தெரிந்தன. உடலைச் சூடுபடுத்தி, பாதரசச் சேர்மம் பூசிக் கெடாமல் வைத்திருந்த தடயமும் உண்டு. அமைதியான தோற்றம் பிறகு அடுக்கி வைத்ததால் வந்தது.

கே: அனுன்னாகி என்ற வேற்றுக்கிரகவாசிகள்...

ப: அனுன்னாகி சுமேரியரின் தெய்வக் கூட்டம். வேறு கோளிலிருந்து வந்ததாக எந்தப் பலகையிலும் இல்லை. அடுத்த கேள்வி.

கே: மண்ணால் கட்டிய சிக்குராட் (அடுக்கடுக்கான கோயில் மேடை) 4,000 ஆண்டு எப்படி நின்றது?

ப: ஊரில் மன்னன் உர் நம்மு தொடங்கியதன் அடித்தளம் சுமார் 64 மீட்டருக்கு 46 மீட்டர். உட்புறம் முழுவதும் பச்சை மண் கல். அதைச் சுற்றிச் சுட்ட செங்கல் போர்வை, தடிமன் இரண்டரை மீட்டர். செங்கற்களை ஒட்டியது நிலக்கீல். எல்லாவற்றையும் சுட்ட செங்கல்லிலேயே கட்ட அங்கே விறகு கிடையாது. பச்சைக் கல்லின் ஆபத்து மழை: நனைந்தால் உப்பி, போர்வையை வெளியே தள்ளும். அதற்காகப் போர்வையில் வரிசையாக வடிகால் துளைகள் விட்டார்கள், உள்ளே இடையிடையே நாணல் பாய் அடுக்கினார்கள். பாய் பாரத்தைப் பரப்பும், ஈரத்தை வெளியே கொண்டுவரும். அப்படியும் நமக்கு வந்து சேர்ந்தது கீழ்த்தளம்தான். இன்று படத்தில் பளிச்சென்று தெரியும் முகப்பும் படிக்கட்டும் 20-ஆம் நூற்றாண்டுச் சீரமைப்பு.

கே: யாரும் பேசாத மொழியை எப்படி நம்பி வாசிக்கிறீர்கள்?

ப: ஈரானின் பெஹிஸ்துன் பாறையில் பாரசீக மன்னன் டேரியஸ் ஒரே செய்தியைப் பழம்பாரசீகம், எலமைட், பாபிலோனியம் என மூன்று மொழிகளில் வெட்டி வைத்தான். பாரசீகம் வழியாகப் பாபிலோனியம் பிடிபட்டது. 'சும்மா ஊகம்' என்று கேலி பேசியவர்களுக்காக 1857-இல் ஒரு சோதனை நடந்தது. புதிதாகக் கிடைத்த ஓர் அசீரியக் களிமண் ஆவணத்தை ராலின்சன், ஹிங்ஸ், ஒப்பெர்ட், டால்போட் நால்வரும் தனித்தனியே மொழிபெயர்த்து முத்திரையிட்ட உறையில் லண்டன் ராயல் ஏஷியாட்டிக் சொசைட்டிக்கு அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் முக்கியமான இடங்களில் ஒத்துப்போயின. இந்த எழுத்து பாபிலோனியரின் மொழிக்குச் சரியாகப் பொருந்தவில்லையே, வேறு யாரோ செய்ததாக இருக்க வேண்டுமே என்ற சந்தேகம் அப்போதே இருந்தது. அந்த வேறு யாரோவுக்கு 1869-இல் 'சுமேரியர்' என்று பெயர் வைத்தவர் ஒப்பெர்ட். சுமேரியச் சொல்லுக்கு நேரே பாபிலோனியப் பொருள் எழுதிய அகராதிப் பட்டியல்களை அந்தக் கால மாணவர்களே படியெடுத்து வைத்திருந்தது நம் அதிர்ஷ்டம்.

கே: கடைசியில் அவர்கள் எங்கே போனார்கள்?

ப: எங்கும் போகவில்லை. அரசு விழுந்தது, பேச்சு மாறியது. ஊரின் கடைசி மன்னன் இப்பி சின் காலத்தில் மாகாணங்கள் ஒவ்வொன்றாக வரி அனுப்புவதை நிறுத்தின. பிற்காலப் படிகளாகக் கிடைத்துள்ள கடிதம் ஒன்றில் அவனுடைய தளபதி இஷ்பி எர்ரா எழுதுகிறான்: தானியம் வாங்க 20 தாலந்து வெள்ளி தந்தீர்கள், 72,000 குர் பார்லி வாங்கினேன், அமொரியர் (மேற்கிலிருந்து வந்த நாடோடிக் கூட்டத்தார்) நாட்டுக்குள் புகுந்துவிட்டதால் கொண்டுவர முடியவில்லை. 20 தாலந்தை ஷெக்கலாக்கினால் 72,000. ஷெக்கலுக்கு ஒரு குர், அதாவது 300 சிலா. கணக்கு ஒரு குன்றிமணி பிசகவில்லை. பார்லி மட்டும் ஊருக்கு வரவே இல்லை. தளபதி இசின் நகரில் தனி அரசனாகிவிட்டான். கி.மு. 2004-இல் கிழக்கே இருந்த எலாம் நாட்டார் ஊரைப் பிடித்து மன்னனைக் கொண்டுபோனார்கள்.

வீடுகளில் அதற்கு முன்பிருந்தே அக்காடிய மொழி (பாபிலோனியம் அதன் ஒரு வடிவம்) பரவி வந்தது, மக்கள் அதிலேயே கலந்துபோனார்கள். சுமேரியம் பள்ளியிலும் கோயிலிலும் மட்டும் தங்கியது. உழவர் அறிவுரையும் மன்னர் பட்டியலும் நமக்குக் கிடைத்தது, கி.மு. 1800-ஐ ஒட்டி அதைத் தாய்மொழியாகப் பேசாத மாணவர்கள் எழுதிப் பழகிய படிகளில்தான். ஆப்பெழுத்தில் கிடைத்த, காலம் கணிக்க முடிந்த கடைசிப் பலகைகள் கி.பி. 75 வாக்கில் எழுதியவை. அவை வானியல் கணக்குகள். எண்கள் அறுபதின் அடுக்கில்.